இலைப் பொதி

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையே பெரணமல்லூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. ஆரணி வட்டாரத்திற்குப் பெயர் தேடித் தந்த பட்டு நெசவு இவ்வூரிலும் நடைபெறுகிறது. நெசவாளர் தெருவழியே செல்வோர் செவியில் தறியின் ஓசை இடையறாது விழுந்துகொண்டிருக்கும். நாடா இடமும் வலமும் ஓட, ஊடை பாவுக்குள் புக, நெசவாளரின் கையில் சேலை விரல் விரலாக வளர்கிறது. அந்தச் சேலையின் இழை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு சிறு உயிரைப் பொதிந்து வைத்திருந்த உறை என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பட்டுப்புழு உண்பது மல்பெரி எனப்படும் முசுக்கட்டைச் செடியின் இலையை மட்டுமே. இலையைத் தின்று கொழுத்த புழு, ஏறத்தாழ மூன்று நாள் ஓய்வின்றித் தன் வாயிலிருந்து வரும் நீரை இழையாக நூற்றுத் தன்னைச் சுற்றிலும் ஒரு கூட்டை அமைத்துக்கொள்கிறது. கூடு ஒன்றில் இருப்பது ஒரே இழை. அதன் நீளம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். மழை, வெயில், எறும்பு ஆகியவற்றிலிருந்து உள்ளே உறங்கும் கூட்டுப்புழுவை அக்கூடு காக்கிறது. அது சிறகு முளைத்து அந்துப்பூச்சியாகியதும், தன் வாயிலிருந்து ஒரு நீரைச் சுரக்கிறது. கூட்டின் இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசையை அந்நீர் கரைத்துவிடும். இழைகள் நெகிழ்கின்றன, பூச்சி வெளியேறுகிறது. வேண்டும் காலம் வரை உறுதியாய் இருந்து, வேண்டாத காலத்தில் வழிவிடும் உறை அது. (நெசவுக்கு உரிய கூடுகளில் பூச்சி வெளிவர விடப்படுவதில்லை. கூட்டை அது துளைத்துவிட்டால் இழை அறுந்துபோகும் என்பதனால், அதற்கு முன்னரே வெப்பத்தில் வைத்துவிடுகின்றனர். பட்டின் அழகைப் போற்றும்போது இதனையும் மறைக்காமல் சொல்வதே முறை.)

இதே ஊரின் கடைத்தெருவில் ஒருவர் நான்கு இட்டலி வாங்குகிறார் என்று கொள்வோம். சட்டினி ஒரு சிறு பாலிதீன் பையில், சாம்பார் மற்றொன்றில், இட்டலி ஒரு பிளாஸ்டிக் தாளின்மேல், இவை யாவும் சேர்ந்து இன்னொரு பையில். வீட்டிற்குச் சென்று உண்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். உணவின் பயணம் அத்துடன் முடிந்தது. பையின் பயணமோ அப்பொழுதுதான் தொடங்குகிறது. அது சாக்கடைக்குச் செல்கிறது. அங்கிருந்து ஏரிக்குச் செல்கிறது. வாங்கியவரின் பேரன் இட்டலி வாங்கும் காலத்திலும் அது அங்கேயே கிடக்கக்கூடும். கால் மணி நேரப் பணிக்கு இத்தனை நீண்ட வாழ்நாள் உடைய பொருளை நாம் ஏன் ஏற்றுக்கொண்டோம்? இதற்கு முன் நம் நாட்டினர் உணவை எதில் வைத்து உண்டனர், எதில் கட்டிச் சென்றனர்?

இலையில் உண்ணும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. தேக்கின் அகன்ற இலையில் உணவு உண்ட செய்தி அகநானூற்றில் வருகிறது. மதுரையின் புறத்தே, ஆயர்குல மூதாட்டி மாதரியின் மனையில், கண்ணகி தன் கையால் சமைத்த உணவைக் கோவலனுக்குப் படைத்த காட்சியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. பனை ஓலையால் முடைந்த தடுக்கில் அவன் அமர்கிறான். இளவாழையின் குருத்திலையை விரித்து அவள் உணவு இடுகிறாள். அவ்வுணவை உண்டபின் அவன் சிலம்பை விற்கச் சென்றான், மீளவில்லை. அவன் கடைசியாக உண்ட உணவைத் தாங்கியது பொன்தட்டன்று, வாழையிலையே. வாணிகச் செல்வத்தில் பிறந்தவனுக்கும் ஆய்ச்சியர் குடிசையில் கிடைத்த கலம் அதுதான். அதில் குறை இருந்ததாக யாரும் கருதவில்லை.

வாழையிலையைக் கலமாகப் பயன்படுத்துவது எளிது; பொதியாகப் பயன்படுத்துவதற்குச் சிறிது அறிவு வேண்டும். வாழையிலையின் நரம்புகள் நடு ஈர்க்கிலிருந்து விளிம்பு நோக்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. பச்சை இலையை மடித்தால் இந்நரம்புகளின் வழியே அது நெடுகக் கிழிந்துவிடும். ஆதலின் நம் தாய்மார் இலையைத் தணலின்மேல் காட்டி வாட்டுவர். வெப்பம் பட்டதும் இலையின் விறைப்பு நீங்குகிறது. உள்ளிருக்கும் நீர் சிறிது வெளியேறி, இலை துணிபோல் துவள்கிறது. மேற்புறத்தில் உள்ள மெல்லிய மெழுகு உருகிப் பளபளப்பாகப் பரவுகிறது. வாட்டிய இலை எத்தனை மடிப்பு மடித்தாலும் கிழியாது. எண்ணெயோ குழம்போ எளிதில் ஊறி வெளிவராது. இவ்வாறு வாட்டிய இலையில் புளிச்சோறும் துவையலும் வைத்து, வாழைநாரால் கட்டினால் அதுவே கட்டுச்சோறு. மாட்டுவண்டியில் இரண்டு நாள் வழி செல்வோருக்கு அது கெடாமல் துணை சென்றது. புளியும் எண்ணெயும் சோற்றைக் காத்தன. இலை அவை இரண்டையும் காத்தது. வாட்டிய இலையின் மணம் சோற்றில் ஏறியிருப்பதை ஒருமுறை உண்டவர் மறக்க மாட்டார். ஓலைப் பெட்டிக்கும் அத்தகைய மணம் உண்டு. பிளாஸ்டிக்கில் வைத்த உணவிற்கும் ஒரு மணம் உண்டு, ஆனால் அதனை விரும்பியவர் எவரையும் நான் கண்டதில்லை.

வாழை விளையாத இடங்களிலும், இலை கிடைக்காத கோடையிலும் தையல் இலை பயன்பட்டது. மந்தாரை, ஆல், புரசு ஆகிய மரங்களின் இலைகளைப் பறித்து, அடுக்கி, மெல்லிய ஈர்க்குகளால் ஒன்றோடொன்று தைத்து வட்டமாக்குவர். தைத்த இலைகளை உலர்த்தி, கனமான பொருளை மேலே வைத்துத் தட்டையாக்கிக் கட்டுக் கட்டாகச் சேமித்து வைக்கலாம். உண்ணும் முன் சிறிது நீர் தெளித்தால் அவை மீண்டும் இளகும். பச்சை வாழையிலை இரண்டொரு நாளில் வாடிவிடும். தையல் இலையோ பல திங்கள் இருக்கும். இவ்வேற்றுமையைக் கண்டறிந்தவர் யார் என்று கூற இயலாது. இலை தைத்தல் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியோரும் ஓய்வு நேரத்தில் செய்த வேலை. கோயில்களில் பொங்கலும் சுண்டலும் வாங்கும் தொன்னையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இலையையோ வாழைமட்டையையோ குழிவாக மடித்துக் குத்தினால் தொன்னை.

பனையைப் பற்றித் தனியே ஒரு நூலே எழுதலாம். இங்குச் சிலவற்றை மட்டும் காண்போம். பதநீர் பருகுவதற்குப் பனை ஓலையை மடித்துப் பட்டை செய்வர். பருகியபின் அதை எறிந்துவிட்டுச் செல்லலாம். திருச்செந்தூர், உடன்குடிப் பகுதிகளில் சில்லுக்கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் வைத்து விற்கும் வழக்கம் இன்றும் உண்டு. கருப்பட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும் இயல்புடையது. முழுவதும் மூடிய பிளாஸ்டிக் பையில் அது வியர்த்து நீர்விடும். ஓலைப் பெட்டியோ காற்றை உள்ளும் புறமும் செல்ல விடுகிறது. பண்டத்தின் இயல்பு அறிந்து அதற்கேற்ற உறையைத் தேர்ந்தெடுத்தனர் என்பதற்கு இது நல்ல சான்று. செட்டிநாட்டுப் பெண்கள் முடையும் கொட்டான்கள் சீர்வரிசைக்கும் விழாக்களுக்கும் உரியவை. அவற்றின் வண்ணமும் வடிவும் கலைப்பொருள் என்று மதிக்கத்தக்கவை.

தாமரை இலையில் நீர் ஒட்டாது என்பதைச் சிறுவரும் அறிவர். ஏன் ஒட்டுவதில்லை என்பதனைச் செருமானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் என்பவர் நுண்பெருக்கியின் துணைகொண்டு ஆராய்ந்தார். இலையின் மேற்புறம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், உண்மையில் அது எண்ணற்ற சிறு மேடுகள் நிறைந்தது. ஒவ்வொரு மேட்டின்மீதும் மெழுகுத் துகள்கள் படிந்துள்ளன. நீர்த்துளி அம்மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதால் இலையை நனைக்க இயலாமல் உருண்டோடுகிறது; ஓடும்போது தூசியையும் உடன் கொண்டு செல்கிறது. குளத்தருகே வாழ்ந்தவர்கள் தாமரை இலையில் உணவு உண்டதும், பூவையும் இறைச்சியையும் அதில் மடித்துக் கொடுத்ததும் இக்காரணத்தை அறிந்து அன்று. கண்டும் கையாண்டும் அறிந்த அனுபவத்தால்.

இவ்வளவு சிறந்த இலைகளை நாம் ஏன் கைவிட்டோம்? பழமையைப் புகழ்வோர் இக்கேள்வியை எளிதில் கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடத்தல் நேர்மையாகாது. இலை சில வேளைகளில் ஒழுகும். காற்றடித்தால் மரத்திலேயே கிழியும். கிழிந்த இலையைப் பந்திக்கு யாரும் வாங்கார். திருமண நாட்களில் அதன் விலை ஏறும். குழம்பையும் பாலையும் இலையில் கட்டித் தொலைவிற்கு அனுப்ப இயலாது. நகரங்கள் பெருகின, உணவு விளையும் இடமும் உண்ணும் இடமும் ஒன்றையொன்று விட்டு விலகின. அவ்விடைவெளியைக் கடக்க ஒழுகாததும், கிழியாததும், மலிவானதும் ஆகிய ஒரு பொருள் வேண்டியிருந்தது. அவ்வேளையில் வந்து சேர்ந்ததே பாலிதீன்.

1933-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இங்கிலாந்து நாட்டின் நார்த்விச் நகரில், இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ட்ரீஸ் என்னும் தொழிற்கூடத்தில் கிப்சன், பாசெட் என்னும் இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்து வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தனர். சோதனை அவர்கள் எண்ணியவாறு அமையவில்லை. கலத்தில் மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் சிறிது படிந்திருந்தது. அதுவே பாலிதீன். தற்செயலாய்ப் பிறந்த அப்பொருள், 1960-களில் சுவீடன் நாட்டில் கைப்பிடியுள்ள பையாக உருவம் பெற்றது. அந்தப் பையை வடிவமைத்தவர் ஸ்டென் துலின் என்பவர்.

மண்ணில் விழுந்த இலை ஏன் மறைகிறது, பாலிதீன் ஏன் மறைவதில்லை என்பதை இனிச் சற்று விரிவாக நோக்குவோம்.

இலை, மட்டை, நார், மரம் ஆகிய அனைத்திற்கும் உடலாக அமைவது செல்லுலோஸ் என்னும் பொருள். அது சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. நாம் உண்ணும் அரிசியின் மாவுப் பொருளும் அதே சர்க்கரையால் ஆனதுதான். ஆனால் கை கோக்கும் முறை வேறு. அதனால் நம் வயிற்றில் அரிசி செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் செரிக்கவல்லவை. அத்தகைய நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் ஒவ்வொரு பிடி மண்ணிலும் கோடிக்கணக்கில் உள்ளன. அவை நொதி எனப்படும் நீரைச் சுரக்கின்றன. நொதியைச் சாவி எனலாம்; சர்க்கரைச் சங்கிலியின் ஒவ்வொரு இணைப்பும் பூட்டு. சாவி பூட்டில் பொருந்துகிறது; சங்கிலி துண்டுதுண்டாகிறது; துண்டுகளை நுண்ணுயிர் உண்கிறது. நாம் மக்குதல் என்பது நுண்ணுயிர்களின் உணவு உண்ணலே அன்றி வேறன்று. இலையிலுள்ள லிக்னின் என்னும் மற்றொரு பொருள் இதைவிடக் கடினமானது. அதைச் செரிக்கச் சில பூஞ்சைகளுக்கே இயலும். எனவேதான் மென்மையான வாழையிலை விரைவிலும், தடித்த பாக்குமட்டை மெதுவாகவும் மக்குகின்றன.

பாலிதீனும் ஒரு சங்கிலிதான். ஆயினும் அதில் கரியணுக்கள் ஒன்றையொன்று நேரே பற்றி நிற்கின்றன. நொதி சென்று பொருந்துவதற்குரிய பூட்டு அதில் இல்லை. நீர் அதனை நனைப்பதில்லை. நுண்ணுயிரின் உடலினுள் நுழைய முடியாத அளவிற்கு அது நீண்டது. மண்ணிற்கு அது கல்லும் அன்று, உணவும் அன்று. வெயில் பட்டால் அது நொறுங்கும். நொறுங்குதல் மக்குதல் ஆகாது. பெரிய துண்டு சிறிய துண்டுகளாகி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி, நீரிலும் மண்ணிலும் கலந்து நிற்கிறது. பிளாஸ்டிக்கை உண்ணும் நுண்ணுயிர் ஒன்றை ஜப்பானிய அறிஞர்கள் 2016-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர்; சாகாய் நகரில் குப்பி சேரும் இடத்து மண்ணில் அது கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அது உண்பது குடிநீர்க் குப்பி செய்யப் பயன்படும் வேறு வகைப் பிளாஸ்டிக். அச்சங்கிலியில் பூட்டுகள் உண்டு. நம் தெருவில் கிடக்கும் பாலிதீன் பைக்கு அது துணை செய்யாது.

உணவின் மணம் ஒட்டிய பைகளை மாடுகள் விழுங்குகின்றன. அவை இரைப்பையில் சேர்ந்து உருண்டையாகி வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றன. இலையில் மிஞ்சிய சோற்றை மாட்டிற்கு இடுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். பந்தி முடிந்தால் எச்சில் இலையை மாடு தின்று தீர்க்கும். உறை மாறிய செய்தி மாட்டிற்குத் தெரியாது. அது பழைய வழக்கப்படியே வந்து வாய் வைக்கிறது.

இந்நிலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2019-ஆம் ஆண்டு சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், மேசை விரிப்பு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, உறிஞ்சுகுழல், கைப்பை ஆகியவை அவற்றுள் அடங்கும். மாற்றாக அரசு கூறிய பொருள்களில் வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, தாமரை இலை ஆகியவை இடம்பெற்றன. பழைய பொருள்கள் அரசாணையின் வழியே மீண்டும் அழைக்கப்பட்டமை நகைப்பிற்கும் மகிழ்ச்சிக்கும் உரியதுதான். 2021-ஆம் ஆண்டு திசம்பர் 23-ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு சூலை 1 முதல் இந்திய அரசும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி முதலியவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. தடைகள் வந்தும் பைகள் முற்றிலும் மறையவில்லை என்பதைக் கடைத்தெருவிற்குச் செல்பவர் எவரும் அறிவர்.

புதிதாய் வளர்ந்த மாற்றுப் பொருள்களில் முதலில் சொல்லத்தக்கது பாக்குமட்டைத் தட்டு. கமுகு மரம் ஆண்டுதோறும் ஐந்தாறு ஓலைகளைத் தானே உதிர்க்கும். ஓலையின் அடிப்பகுதி மரத்தைத் தழுவி நிற்கும் அகன்ற மட்டை. தோட்டத்தில் விழுந்த மட்டைகளைச் சேர்த்து, நீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நிழலிலும் வெயிலிலும் ஆற வைப்பர். பின்னர் சூடேற்றிய இரும்பு அச்சுகளுக்கு இடையே வைத்து அழுத்தினால், ஓரிரு நிமிடங்களில் மட்டை தட்டாகவோ கிண்ணமாகவோ உருப்பெறும். பசை வேண்டுவதில்லை, சாயம் வேண்டுவதில்லை. ஈரமும் வெப்பமும் மட்டையின் நார்களை இளக்க, அழுத்தம் அவற்றை வளைத்துவிடுகிறது. மரத்தை வெட்டாமல், உதிர்ந்ததையே கலமாக்கும் தொழில் இது. கோயம்புத்தூர், சேலம் பகுதிகளில் பல குடும்பங்கள் இதனால் பிழைக்கின்றன.

அடுத்தது கரும்புச் சக்கை. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 300 கிலோ ஈரச் சக்கை எஞ்சும். ஆலைகள் அதனைப் பெரும்பாலும் எரிபொருளாக்குகின்றன. சக்கையிலிருந்து காகிதம் செய்ய இயலும் என்பதைக் கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் செயலில் காட்டியது. 1979-ஆம் ஆண்டில் மாநில அரசால் அது நிறுவப்பட்டது. அதே கூழைக் காகிதமாகப் பரப்பாமல் அச்சில் வார்த்து உலர்த்தினால் தட்டும் பெட்டியும் கிடைக்கும். திருவண்ணாமலை மாவட்டத்திலும் கரும்பு விளைகிறது. செய்யாற்றில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உண்டு. எனவே சக்கை இப்பகுதி மக்களுக்குப் புதிய பொருளன்று.

செடியிலிருந்து வந்தது என்ற ஒன்றினாலேயே ஒரு பொருளை ஏற்றுக்கொள்ளலாமா? கூடாது. காகிதக் குவளையைக் காண்போம். காகிதம் மரத்திலிருந்து வந்ததே. ஆனால் வெறும் காகிதத்தில் தேநீர் நிற்காது; ஆதலின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது. 2020-ஆம் ஆண்டில் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய குவளைகளில் சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்திருந்தனர். 100 மில்லி நீரில் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருக்கக் கண்டனர். காகிதம் என்னும் பெயரை நம்பிப் பருகுகிறவர் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே பருகுகிறார்.

மக்காச்சோள மாவிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் பொருள் மற்றொன்று. தயிரைப் புளிக்கவைக்கும் அமிலமே அதற்கு மூலம் என்று கேட்கும்போது நமக்கு நம்பிக்கை பிறக்கும். அது மக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கு 58 பாகை அளவிலான வெப்பமும் ஈரமும் பல வாரம் இடைவிடாது வேண்டும். பெரிய உரக்கூடங்களில் அவ்வெப்பம் கிடைக்கும். நம் கோடை எவ்வளவு கொடியதாயினும் ஏரிக்கரையில் அது கிடைக்காது. உரக்கூடம் இல்லாத ஊரில் அப்பொருள் ஏறத்தாழப் பிளாஸ்டிக்காகவே நடந்துகொள்ளும். ‘மக்கும்’ என்று அச்சிட்ட எழுத்தை மட்டும் படித்தல் போதாது. எங்கே மக்கும் என்றும் கேட்க வேண்டும். சக்கைத் தட்டுகளில் எண்ணெய் ஊறாதிருக்கச் சில நாடுகளில் புளூரின் கலந்த வேதிப்பொருள்களைச் சேர்த்து வந்தனர். அவை உடலிலும் மண்ணிலும் நெடுநாள் தங்குவன. உணவு உறைகளில் அவற்றின் விற்பனை தம் நாட்டில் நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது.

பாக்குமட்டையும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. கமுகில் இயற்கையாக உள்ள அரெக்கோலின் முதலிய காரப்பொருள்கள் மட்டையிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்று கூறி, அதே நிருவாகம் 2025-ஆம் ஆண்டில் அத்தட்டுகளை அந்நாட்டில் விற்க வேண்டா என்று அறிவுறுத்தியது. ஏற்றுமதியை நம்பி இயந்திரம் வாங்கியவர்களுக்கு அது பெரும் இடி. இதனால் மட்டைத் தட்டு அனைத்தும் நஞ்சென்று நாம் அஞ்சி ஓட வேண்டுவதில்லை; எவ்வளவு இறங்குகிறது, எந்த உணவில் இறங்குகிறது, ஊறவைத்துக் கழுவுவதால் எவ்வளவு குறைகிறது என்பவற்றை அளந்து காண்பதே அறிவுடைமை. நூற்றாண்டுகளாக மக்கள் உண்டு பழகிய வாழையிலைக்கு உள்ள சான்று, அண்மையில் தோன்றிய எந்தக் கலத்திற்கும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். சிறிய உணவுக்கடை நடத்துபவருக்கு ஒரு பாலிதீன் தாளின் விலை மிகச் சொற்பம். மட்டைத் தட்டோ அதைவிடப் பன்மடங்கு. அவர் பிளாஸ்டிக்கை விரும்பி வாங்குவதில்லை. கணக்குப் பார்த்து வாங்குகிறார். சாக்கடையைத் தூர்வாரும் கூலியும், மாட்டின் வயிற்றை அறுக்கும் மருத்துவச் செலவும் அவர் கணக்கில் எழுதப்படுவதில்லை. அவற்றை வேறு யாரோ செலுத்துகிறார்கள். தூக்குச் சட்டியுடன் வரும் ஒருவருக்குச் சாம்பாரை அதில் ஊற்றிக் கொடுக்க எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை. நம் பாட்டனார் காலத்தில் அதுவே வழக்கம். அதற்கு மக்க வேண்டிய தேவையே இல்லை.

மீண்டும் பட்டிற்கு வருவோம். பட்டிழையின் உள்ளுடல் பைப்ராயின் என்னும் புரதம். அதன்மேல் பூசப்பட்ட பசை செரிசின். சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் நூலை அவித்து இப்பசையை நீக்குவர். அப்பொழுதுதான் பட்டிற்கு மென்மையும் ஒளியும் வரும். அமெரிக்காவின் டப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பசை நீக்கிய பட்டுப் புரதத்தை நீரில் கரைத்து, அக்கரைசலில் ஸ்ட்ராபெரிப் பழங்களை நனைத்தெடுத்தனர். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் பழத்தின்மேல் படிந்தது. நீர் வெளியேறுவதையும் காற்று உட்செல்வதையும் அது மட்டுப்படுத்தியதால், பழங்கள் குளிர்ப்பெட்டியின்றி ஏழு நாள் வரை கெட்டியாகவும் சாறு வற்றாமலும் இருந்தன. வாழைப்பழத்தையும் அவ்வாறே சோதித்தனர். 2016-ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின. படலத்திற்கு மணமில்லை, சுவையில்லை; பழத்துடன் சேர்த்தே உண்டுவிடலாம். பிரித்து எறிவதற்கு ஒன்றும் இல்லாத பொதி அது. முசுக்கட்டை இலையைப் புழு இழையாக்கியது. அவ்விழையை மனிதன் மீண்டும் நீராக்கிக் கனிக்கு உறையாக்கினான். பெரணமல்லூரில் தறியடியில் விழும் பட்டுத் துணுக்குகளைக் காணும்போது இந்த ஆய்வு நினைவிற்கு வருகிறது.

இதுவரை கூறியவற்றைப் பள்ளித் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாண் ஆழத்தில் ஆறு குழிகள் தோண்டுக. முதற்குழியில் வாழையிலைத் துண்டு. இரண்டாவதில் தையல் இலை. மூன்றாவதில் பாக்குமட்டைத் தட்டின் துண்டு. நான்காவதில் பட்டுத் துணுக்கு. ஐந்தாவதில் காகிதக் குவளை. ஆறாவதில் பாலிதீன் பை. மண்ணை மூடி, ஒவ்வொன்றின் மீதும் பெயர் எழுதிய குச்சி நட்டு, மண் காயாதவாறு நீர் தெளித்து வருக. பதினைந்தாம் நாளும், நாற்பத்தைந்தாம் நாளும், தொண்ணூறாம் நாளும் மெல்லக் கிளறிப் பார்த்து, கண்டதை நாளேட்டில் எழுதுக. வாழையிலை முதலில் கறுத்து, பின் நரம்பு மட்டும் எஞ்சி, பின் மண்ணோடு மண்ணாகும். தையல் இலை சற்றுப் பிந்தும். மட்டையின்மீது வெண்ணிறப் பூஞ்சை இழைகள் படர்ந்திருப்பதைக் காணலாம். அது மிகவும் மெதுவாகவே மக்கும். பட்டு எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதை நீங்களே கண்டு எழுதுங்கள். பாலிதீன் பையைக் கழுவினால் மீண்டும் பயன்படுத்தலாம் போலிருக்கும். ஐந்தாம் குழியைத்தான் பொறுமையுடன் தோண்ட வேண்டும். காகிதம் இளகி மண்ணாகத் தொடங்கியபின், அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்த மெல்லிய படலம் கிழியாமல் தனியே வெளிவரும். அதைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தேநீர் ஊற்றிய குவளையின் வடிவம் அப்படியே தெரியும்.